முதல் டூயத்லானுக்கு 14 வாரங்கள்: முதல் ஓட்டத்தை எவ்வளவு அடக்கி ஓட வேண்டும்?

கேள்வி: வேளச்சேரி ஓட்டம்

அனைவருக்கும் வணக்கம். எனக்கு வயது 42. வங்கியில் பணிபுரிகிறேன். நான்கு ஆண்டுகளாகத் தொடர்ந்து ஓடி வருகிறேன். 5 கிலோமீட்டரை 29 நிமிடம் 40 விநாடியில் ஓடியதுதான் இதுவரை என் சிறந்த நேரம். 10 கிலோமீட்டருக்கு 63 நிமிடங்கள் ஆகின்றன. பொங்கல் முடிந்த பிறகு வரும் ஞாயிற்றுக்கிழமை கிழக்குக் கடற்கரைச் சாலையில் நடக்கவிருக்கும் ஒரு டூயத்லானுக்குப் பெயர் கொடுத்திருக்கிறேன். முதலில் 5 கிலோமீட்டர் ஓட்டம், அடுத்து 20 கிலோமீட்டர் சைக்கிள், கடைசியாக மீண்டும் இரண்டரை கிலோமீட்டர் ஓட்டம். மொத்தத்தையும் 2 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும். இன்னும் 14 வாரங்கள் இருக்கின்றன.

நீச்சல் தெரியாததால் டிரையத்லானை நான் எண்ணிப் பார்த்ததே இல்லை. ஓட்டமும் சைக்கிளும் மட்டுமே கொண்ட போட்டி ஒன்று இருக்கிறது என்பதைச் சென்ற மாதம்தான் அறிந்தேன். அன்றிலிருந்து மனம் வேறு எதிலும் நிலைகொள்ளவில்லை.

என்னிடம் இருப்பது மூன்று ஆண்டுகளுக்கு முன் வாங்கிய, பந்தய சைக்கிளுக்கும் மலை சைக்கிளுக்கும் இடைப்பட்ட ஹைபிரிட் சைக்கிள். அதில் 38 மில்லிமீட்டர் டயரும் சாதாரண பெடலும் உள்ளன. இதுவரை அதிகபட்சமாக 15 கிலோமீட்டர் மிதித்திருக்கிறேன். வேகம் மணிக்கு 20 கிலோமீட்டரைத் தாண்டியதில்லை. சென்ற ஞாயிறன்று 12 கிலோமீட்டர் மிதித்துவிட்டு உடனே ஓடிப் பார்த்தேன். முதல் 600 மீட்டர் வரை கால்கள் எனக்குச் சொந்தமானவையாகவே தோன்றவில்லை. முழங்காலை உயர்த்த நினைத்தால் தொடை மறுத்தது. மூச்சு சீராக இருந்தும் வேகம் வரவில்லை.

என் முதன்மையான ஐயம் இதுதான். எனக்கு நன்றாக வருவது ஓட்டம். சைக்கிளில் நான் பலவீனம். அப்படியிருக்க, முதல் 5 கிலோமீட்டரில் முடிந்தவரை வேகமாக ஓடி நேரத்தைச் சேமித்துக்கொண்டு, சைக்கிளில் இழப்பதை அதைக் கொண்டு ஈடுகட்டலாமா? அல்லது அடக்கி ஓடுவதுதான் நல்லதா? அடக்குவது என்றால் எவ்வளவு? வாரத்தில் ஐந்து நாட்கள், காலையில் ஒரு மணி நேரம் கிடைக்கும். ஞாயிறன்று மூன்று மணி நேரம் ஒதுக்க முடியும். புதிய சைக்கிள் வாங்கும் நிலையில் இல்லை.

பதில்: ஈசிஆர் வாடைக்காற்று

வணக்கம் சகோதரி. இதே கேள்வியை எனக்கு நானே கேட்டு, தவறான விடையைத் தேர்ந்தெடுத்தவன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

என் முதல் டூயத்லானும் இதே தூரம்தான். நானும் ஓட்டத்திலிருந்து வந்தவன். முதல் 5 கிலோமீட்டரை 24 நிமிடம் 10 விநாடியில் ஓடினேன். அது அன்றுவரை நான் எந்தப் போட்டியிலும் ஓடியிராத வேகம். சைக்கிளில் பாதி தூரம் வரை எல்லாம் நன்றாகவே இருந்தது. திரும்பும் இடத்தில் வளைந்து வடக்கு நோக்கி வந்தபோது எதிர்க்காற்று பிடித்துக்கொண்டது. மிதிக்க மிதிக்க வேகம் இறங்கிக்கொண்டே போனது. கடைசி இரண்டரை கிலோமீட்டரில் மூன்று இடங்களில் நடந்தேன். அந்தச் சிறு தூரத்துக்கு 19 நிமிடங்கள் ஆயின. அடுத்த ஆண்டு முதல் ஓட்டத்தை 25 நிமிடம் 30 விநாடிக்கு அடக்கினேன். கடைசி ஓட்டத்தை 13 நிமிடம் 20 விநாடியில் முடித்தேன். முன்னால் 80 விநாடிகளை விட்டுக்கொடுத்ததற்குப் பின்னால் 5 நிமிடம் 40 விநாடிகள் திரும்பக் கிடைத்தன. இடையில் சைக்கிளில் கூடுதலாகக் கிடைத்த நேரத்தை இதில் நான் சேர்க்கவில்லை.

இதற்குக் காரணம் உண்டு. ஒவ்வொருவருக்கும் நீண்ட நேரம் தாங்கிக்கொள்ளக்கூடிய உழைப்பின் எல்லை ஒன்று இருக்கிறது. அதற்குக் கீழே ஓடும்வரை உடல் செலவை அவ்வப்போது தீர்த்துக்கொள்கிறது. அந்த எல்லையைத் தாண்டிய பிறகு ஒவ்வொரு விநாடி வேகத்துக்கும் கொடுக்கும் விலை பல மடங்கு ஏறுகிறது. தனி 5 கிலோமீட்டர் போட்டியில் அந்த விலையைக் கொடுக்கலாம். கோட்டைத் தாண்டியதும் உட்கார்ந்துவிடப் போகிறோம். டூயத்லானில் அந்தக் கடனோடுதான் சைக்கிளில் ஏறுகிறோம். ஓட்டத்தில் சேமிக்கும் நேரம் சைக்கிளின் பலவீனத்தை ஈடுகட்டாது. களைத்த காலோடு மிதித்தால், பலவீனமாக இருக்கும் சைக்கிள் இன்னும் பலவீனமாகும்.

ஆகவே உங்களுக்கு என் பரிந்துரை, முதல் ஓட்டத்தைக் கிலோமீட்டருக்கு 6 நிமிடம் 20 விநாடி முதல் 6 நிமிடம் 25 விநாடி வரை வைத்துக்கொள்ளுங்கள் என்பதாகும். உங்கள் சிறந்த வேகம் 5 நிமிடம் 56 விநாடி என்பதால், மொத்தத்தில் நீங்கள் விட்டுக்கொடுப்பது ஏறக்குறைய 2 நிமிடங்கள்தான். கடிகாரம் இல்லாமலும் இதை அறியலாம். ஓடும்போது நான்கைந்து சொற்களைச் சேர்ந்தாற்போல் பேச முடிய வேண்டும். ஒரு சொல்லுக்கே மூச்சு வாங்கினால் வேகம் கூடிவிட்டது என்று பொருள். இதயத் துடிப்பை அளப்பவராக இருந்தால், 208-இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழிக்கும் கணக்குப்படி உங்கள் உச்சத் துடிப்பு ஏறக்குறைய 179 வரும். அதில் 85 விழுக்காடு, அதாவது 152-ஐ ஒட்டிய எண்ணை முதல் ஓட்டத்தின் மேல் எல்லையாகக் கொள்ளலாம். இந்தக் கணக்கு ஆளுக்கு ஆள் பத்துத் துடிப்புகளோ அதற்கு மேலோ மாறக்கூடியது என்பதால் பேச்சுச் சோதனையையே நான் அதிகம் நம்புகிறேன். சைக்கிளில் அதே உழைப்புக்குத் துடிப்பு பொதுவாக ஐந்து முதல் பத்து வரை குறைவாகக் காட்டும். அதைப் பார்த்து இன்னும் மிதிக்கலாம் என்று எண்ணிவிட வேண்டாம்.

அடக்கி ஓடுவது எளிதாக இருக்காது. பத்து நாட்கள் பயிற்சியைக் குறைத்த கால்கள், ஜனவரி மாதத்துக் குளிர்ந்த காலை, சுற்றிலும் கூட்டம் எல்லாம் சேர்ந்து உங்களை இழுத்துக்கொண்டு போகும். ரிலே பிரிவு இருந்தால், அதில் ஓட்டத்தை மட்டும் ஓடிவிட்டு நிற்கப் போகிறவர்களும் உங்களோடுதான் புறப்படுவார்கள். அவர்கள் பின்னால் போகாதீர்கள். முதல் கிலோமீட்டரில் பின்தங்கியிருப்பதாகத் தோன்றினால் நீங்கள் சரியாக ஓடுகிறீர்கள்.

பயிற்சிக்கு வருகிறேன். ஓட்டத்தை வாரம் மூன்று நாட்களுக்கு மேல் வைக்க வேண்டாம். நான்கு ஆண்டு அடித்தளம் இருக்கிறது, அது எங்கும் போய்விடாது. மிச்ச நேரத்தைச் சைக்கிளுக்குக் கொடுங்கள். வார நாட்களில் இரண்டு முறை 45 நிமிடங்கள் மிதியுங்கள். அவற்றில் ஒன்றில், நன்றாகச் சூடேறிய பிறகு, ஐந்து நிமிடம் அழுத்தமாகவும் மூன்று நிமிடம் இலகுவாகவும் நான்கு சுற்றுகள் செய்யுங்கள். ஞாயிறன்று நீண்ட பயணம். இப்போதைய 15 கிலோமீட்டரை டிசம்பர் தொடக்கத்துக்குள் படிப்படியாக 35 ஆக்கினால், போட்டி நாளின் 20 கிலோமீட்டர் உங்களுக்குப் பெரிய தூரமாகத் தெரியாது.

நீங்கள் உணர்ந்த அந்த 600 மீட்டர் எல்லோருக்கும் வருவது. சைக்கிளில் இறங்கியதும் ஓடும் பயிற்சியைப் 'பிரிக்' என்று அழைப்பார்கள். மூன்றாம் வாரத்திலிருந்து வாரம் ஒரு முறை செய்யுங்கள். 40 நிமிடம் மிதித்துவிட்டுப் பத்தே நிமிடம் ஓடினால் போதும். ஓட்டத்தின் நீளத்தைவிட, இறங்கிய இரண்டு நிமிடங்களுக்குள் ஓடத் தொடங்குவதுதான் முக்கியம். ஐந்தாறு முறை செய்த பிறகு அந்தக் கனம் 200, 300 மீட்டரிலேயே விலகிவிடுவதைக் காண்பீர்கள். பத்தாவது, பன்னிரண்டாவது வாரங்களில் 3 கிலோமீட்டர் ஓட்டம், 15 கிலோமீட்டர் சைக்கிள், ஒன்றரை கிலோமீட்டர் ஓட்டம் என்று முழு வரிசையையும் ஒத்திகை பாருங்கள். முதல் ஓட்டத்தின் வேகம் சரியா என்பதை அந்த ஒத்திகைதான் சொல்லும். கடைசிப் பத்து நாட்கள் பயிற்சியின் அளவைப் பாதியாகக் குறைத்து, வேகத்தை மட்டும் ஆங்காங்கே தொட்டுக்கொள்ளுங்கள்.

உங்கள் 14 வாரங்களில் பெரும்பகுதி வடகிழக்குப் பருவமழைக்குள் வருகிறது என்பதை இப்போதே கணக்கில் கொள்ளுங்கள். மழை நாளில் தண்ணீர் தேங்கிய சாலையில் பள்ளம் தெரியாது. சாலையில் பூசிய வெள்ளைக் கோடுகள் வழுக்கும். அன்றைக்கு உடற்பயிற்சிக் கூடத்தின் நிலை சைக்கிளில் மிதித்துவிட்டு, அங்கேயே டிரெட்மில்லில் ஓடினால் அதுவும் முழுமையான பிரிக் பயிற்சிதான். ஒரு வாரம் முழுவதும் தவறிப்போனால் அடுத்த வாரத்தில் இரண்டையும் சேர்த்துச் செய்ய முயல வேண்டாம்.

காற்றைப் பற்றி ஒன்று. ஜனவரியில் வாடைக்காற்றின் காலம் முடிந்திருக்காது. தெற்கு நோக்கிப் போகும்போது முதுகில் தள்ளும் காற்று, திரும்பும்போது நெஞ்சில் மோதும். முட்டுக்காடு பாலத்தின் மீது, இரு பக்கமும் நீர் திறந்து கிடப்பதால், இது இன்னும் கூர்மையாகத் தெரியும். காற்றை எதிர்க்கத் தேவைப்படும் ஆற்றல் வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறுகிறது; மணிக்கு 25 கிலோமீட்டரிலிருந்து 30-க்குப் போக, காற்றுக்கு மட்டும் 1.7 மடங்கு ஆற்றல் வேண்டும். எனவே எதிர்க்காற்றில் வேகமானியைப் பார்க்காதீர்கள். முழங்கையை மடக்கி உடலைத் தாழ்த்தி, ஒரு கியர் இறக்கி, அதே உழைப்பில் மிதியுங்கள்.

பதில்: பட்டறைக்காரன்

மேலே சொன்னவர் பயிற்சியைச் சொல்லிவிட்டார். நான் சைக்கிளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பத்தொன்பது ஆண்டுகளாகச் சைக்கிள்களைப் பழுதுபார்த்து வருகிறேன். ஹைபிரிட் சைக்கிளில் இந்தத் தூரத்தை நல்ல நேரத்தில் முடித்தவர்களுக்கு நானே வண்டியைத் தயார் செய்து கொடுத்திருக்கிறேன். புதியது வாங்க வேண்டியதில்லை.

முதலில் சீட்டின் உயரம். மணிக்கு 20 கிலோமீட்டரைத் தாண்டவில்லை என்று சொல்லும் பத்துப் பேரில் பெரும்பாலானவர்கள் சீட்டைத் தாழ்வாக வைத்திருப்பவர்கள். சுவரில் முதுகைச் சாய்த்து, காலணி இல்லாமல் நின்று, ஒரு தடித்த புத்தகத்தை இரு கால்களுக்கு நடுவே மேல்நோக்கி அழுத்திப் பிடித்து, தரையிலிருந்து அதன் மேல்விளிம்பு வரை அளந்துகொள்ளுங்கள். அதை 0.883-ஆல் பெருக்கினால் வருவது, இரு பெடல் கைகளும் (கிராங்க்) சேர்ந்து சுழலும் அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேற்பரப்பு வரை இருக்க வேண்டிய உயரம். அளவு 74 சென்டிமீட்டர் என்றால் சீட்டு 65-ஐச் சற்றுத் தாண்டி நிற்கும். இது தொடக்கப் புள்ளிதான். குதிகாலைப் பெடலில் வைத்து அடிமட்டத்துக்குக் கொண்டுபோனால் கால் நேராக வேண்டும். பாதத்தின் முன்பகுதியை வைக்கும்போது முழங்கால் இலேசாக மடங்கியிருக்க வேண்டும். இடுப்பு இருபுறமும் ஆடினால் சீட்டு உயர்ந்துவிட்டது. ஒரே நாளில் மூன்று நான்கு சென்டிமீட்டர் உயர்த்தாமல், வாரத்துக்கு அரை சென்டிமீட்டராக ஏற்றுங்கள். முழங்காலுக்குப் பழக நேரம் வேண்டும்.

அடுத்தது டயர். நீங்கள் பணம் செலவழிக்க வேண்டிய ஒரே இடம் இதுதான். 38 மில்லிமீட்டர் பட்டன் டயரைக் கழற்றிவிட்டு, உங்கள் ரிம் ஏற்கும் அளவில், 28 அல்லது 32 மில்லிமீட்டர் வழவழப்பான டயர் போடுங்கள். காற்றை டயரின் பக்கவாட்டில் எழுதியிருக்கும் வரம்புக்குள், உங்கள் எடைக்கு ஏற்றபடி அடியுங்கள். உச்ச அளவுக்கு அடித்தால் கரடுமுரடான சாலையில் வண்டி துள்ளுமே தவிர வேகம் கூடாது. வாரம் ஒரு முறையேனும் அழுத்தத்தைப் பாருங்கள்.

பெடலை மாற்ற வேண்டாம் என்பதே என் கருத்து. பெடலில் பூட்டிக்கொள்ளும் கிளீட் காலணியில் மிதிப்பது சிறந்தது என்பது உண்மை. ஆனால் இருபதே கிலோமீட்டருக்கு, இரண்டு முறை காலணி மாற்றும் நேரத்தையும், பழகாத காலில் கிளீட் கழலாமல் விழும் அபாயத்தையும் எண்ணிப் பாருங்கள். ஓடும் காலணியோடு ஏறி அதே காலணியோடு இறங்கி ஓடலாம். பிடிமானம் நன்றாக உள்ள தட்டைப் பெடல் போதும். காலணிக்கு எலாஸ்டிக் நாடா போட்டுக்கொண்டால், நாடா அவிழ்ந்து சங்கிலியில் சிக்கும் கவலையும் இல்லை.

கடற்கரைச் சாலையில் ஓட்டுகிறீர்கள், அதுவும் மழைக்காலத்தில். மணலும் உப்புக் காற்றும் சங்கிலியை அரித்துவிடும். ஒவ்வொரு ஈரப் பயணத்துக்குப் பிறகும் துணியால் துடைத்து, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு சங்கிலி எண்ணெய் விட்டு, மிகுதியைத் துடைத்துவிடுங்கள். பிரேக் கட்டையில் சிக்கிய மணலையும் எடுங்கள். போட்டிக்குப் பத்து நாட்களுக்கு முன் முழுப் பராமரிப்பைச் செய்து முடியுங்கள். அதன் பிறகு எதையும் மாற்றக் கூடாது. கேபிள் புதிதாகப் போட்டால் அது சற்று நீளும், கியர் தாவும், அதைச் சரிசெய்ய இரண்டு பயணங்களாவது வேண்டும். மாற்று டியூப், இரண்டு டயர் நெம்புகோல், சிறிய பம்பு ஆகியவை சீட்டின் கீழ்ப் பையில் இருக்கட்டும். பின்சக்கரத்தைக் கழற்றி டியூப் மாற்றுவதை வீட்டிலேயே மூன்று முறை செய்து பழகுங்கள். பஞ்சரானதால் போட்டியை விட்டவர்களில் பலர் டியூப் கையில் இருந்தும் மாற்றத் தெரியாமல் நின்றவர்கள்.

வேளச்சேரி ஓட்டம்

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. சீட்டு நான்கு சென்டிமீட்டர் தாழ்வாக இருந்தது தெரிந்தது. இப்போது பாதியளவு உயர்த்தியிருக்கிறேன். ஆறாவது வாரம் நடக்கிறது. ஞாயிறன்று 24 கிலோமீட்டர் மிதித்தேன்.

ஒரு சிக்கல் வந்திருக்கிறது. பிரிக் பயிற்சிக்கு மறுநாள் இரு கெண்டைக்கால்களும் இறுகிக்கொள்கின்றன. படியில் இறங்கும்போது வலிக்கிறது, இரண்டு நாட்களில் சரியாகிவிடுகிறது. இதோடு ஓடலாமா? மேலும், காலை 6.15-க்குத் தொடங்கும் போட்டிக்கு எப்போது, என்ன சாப்பிடுவது என்பதும் புரியவில்லை. வெறும் வயிற்றில் ஓடிப் பழகியவள் நான்.

பதில்: இயன்முறை மருத்துவர், தாம்பரம்

அம்மா, நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது பழக்கமில்லாத வேலைக்குத் தசை காட்டும் எதிர்வினையாகவே தெரிகிறது. மிதிக்கும்போது கெண்டைக்கால் பெரும்பாலும் சுருங்கி வேலை செய்கிறது. ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடல் எடையைத் தாங்கியபடி நீண்டு, மறுகணமே சுருங்க வேண்டியிருக்கிறது. அரை மணி நேரம் ஒரு வகையில் உழைத்த தசையை உடனே இன்னொரு வகைக்கு இழுக்கிறீர்கள். அதிலும், மிதித்த வேகத்தில் முன்பாதத்தை ஊன்றி ஓடத் தொடங்கினால் சுமை இன்னும் கூடும்.

வாரம் மூன்று நாட்கள், படியின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி நின்று, இரு கால்களாலும் உயர்ந்து, ஒற்றைக் காலில் மெல்ல இறங்குங்கள். முழங்காலை நேராக வைத்துப் பதினைந்து, இலேசாக மடக்கிப் பதினைந்து என இரண்டு சுற்றுகளில் தொடங்கலாம். பிரிக் பயிற்சிக்கும் அடுத்த அழுத்தமான ஓட்டத்துக்கும் 48 மணி நேர இடைவெளி விடுங்கள். சைக்கிளின் கடைசி ஒரு கிலோமீட்டரில் கியரை இறக்கி, நிமிடத்துக்கு 90 சுற்றுகளை ஒட்டி இலகுவாகச் சுழற்றிவிட்டு இறங்குங்கள். இறங்கியதும் நீண்ட அடி வைக்க முயலாதீர்கள். குனிந்து மிதித்ததில் இடுப்பின் முன்புறத் தசை சுருங்கியிருக்கும், அது விரிய ஓரிரு நிமிடங்கள் ஆகும். அதுவரை குறுகிய, விரைவான அடிகளே போதும்.

ஆனால் வலி தசையில் பரவலாக இல்லாமல், முன்காலின் எலும்பில் விரலால் தொட்டுக் காட்டக்கூடிய ஓரிடத்தில் இருந்தால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். ஒரு காலில் மட்டும் வீக்கமும் வெப்பமும் வலியும் சேர்ந்து வந்தால் அன்றே பாருங்கள். இவ்விரண்டையும் பயிற்சி வலி என்று எண்ணிப் பொறுத்துக்கொண்டவர்களை நான் கண்டிருக்கிறேன்.

உணவைப் பொறுத்தவரை, வெறும் வயிற்றில் ஒரு மணி நேரம் ஓடலாம். உங்களுக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகலாம். அதிகாலை 4 மணி வாக்கில் மூன்று இட்லி, கொஞ்சம் சர்க்கரையோடு அல்லது காரமில்லாத சட்னியோடு போதும். சாம்பாரில் பருப்பும் காரமும் சேர்வதால் சிலருக்கு ஓட்டத்தில் வயிறு குலுங்கும். வழக்கமாகக் காபி குடிப்பவர் என்றால் அன்றும் குடிக்கலாம். புறப்படுவதற்கு அரை மணி நேரம் முன்பு ஒரு வாழைப்பழம். சைக்கிளில் ஒரு பாட்டில் திரவம். அதில் சர்க்கரையும் உப்பும் இருக்கட்டும். மணிக்கு 30 கிராம் மாவுச்சத்து உங்கள் தூரத்துக்குப் போதுமானது. சைக்கிளின் முதல் பாதியிலேயே குடித்துவிட்டால் ஓடும்போது வயிற்றில் தங்காது.

எவ்வளவு குடிப்பது என்பதை நீங்களே அளந்து அறியலாம். ஒரு மணி நேரப் பயிற்சிக்கு முன்னும் பின்னும், வியர்வையைத் துடைத்துவிட்டு எடை பாருங்கள். 800 கிராம் குறைந்து, இடையில் 200 மில்லிலிட்டர் குடித்திருந்தால், நீங்கள் இழந்தது ஏறக்குறைய ஒரு லிட்டர். சென்னையின் ஈரக்காற்றில் வியர்வை ஆவியாகாமல் வழிந்தோடுவதால் உடல் குளிர்வது குறைவு, இழப்போ அதிகம். ஆயினும் இழந்தது முழுவதையும் போட்டியின்போதே ஈடுசெய்ய வேண்டியதில்லை. அளவுக்கு மீறி வெறும் தண்ணீர் குடிப்பது இரத்தத்தின் உப்பைக் குறைத்து ஆபத்தில் கொண்டுபோய் விடும். பருத்தி உடை வியர்வையில் நனைந்து கனக்கும். விரைவில் உலரும் துணியே நல்லது. இவை எல்லாவற்றையும் ஒத்திகை நாளிலேயே செய்து பார்த்துவிடுங்கள்.

பதில்: மாறுமிடம்

யாரும் விதிகளைச் சொல்லவில்லை என்பதால் சேர்க்கிறேன். போட்டிகளில் தன்னார்வலராக நின்று, நன்றாக ஓடியவர்கள் அபராத நேரம் வாங்கி வருந்துவதைப் பார்த்திருக்கிறேன். ஓடி வந்ததும் முதலில் ஹெல்மெட்டை அணிந்து வாரைப் பூட்ட வேண்டும்; அதன் பிறகுதான் சைக்கிளைத் தொடலாம். திரும்பி வந்ததும் சைக்கிளைத் தாங்கியில் மாட்டிய பிறகுதான் வாரைக் கழற்றலாம். சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போய், தரையில் வரைந்த ஏறும் கோட்டைத் தாண்டிய பிறகு ஏறுங்கள். இறங்கும் கோட்டுக்கு முன்பே இறங்கிவிடுங்கள். உங்கள் போட்டியில் பிறர் பின்னால், அவர் காற்றை மறைக்கும்படி, ஒட்டி மிதிப்பதற்குத் தடை இருந்தால், முன்னால் போகும் சைக்கிளுக்கும் உங்களுக்கும் இடையே வழக்கமாக 10 மீட்டர் இடைவெளி கேட்பார்கள். முந்த வேண்டுமானால் நிற்காமல் முந்திவிட வேண்டும். இடப்புறமாகச் செல்லுங்கள், வலப்புறமாக முந்துங்கள். காதில் இசை கேட்கும் கருவி கூடாது. எண் அட்டையை எலாஸ்டிக் பெல்ட்டில் மாட்டிக்கொண்டால் சைக்கிளில் முதுகுப் பக்கமும் ஓட்டத்தில் முன்பக்கமும் திருப்பிக்கொள்ளலாம். முந்தைய நாளே, ஓட்டத்துக்கும் சைக்கிளுக்கும் இடையே மாறும் இடமான மாறுமிடத்துக்குள் நடந்து, எந்த வாயிலில் நுழைந்து எத்தனையாவது வரிசையில் உங்கள் சைக்கிள் நிற்கும் என்பதை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். நூற்றுக்கணக்கான சைக்கிள்களுக்கு நடுவே மூச்சிரைக்கும்போது நம் வண்டி கண்ணில் படாது.

முதல் ஓட்டத்தை அடக்குவதில் ஒரு சிறு மாற்றுக்கருத்தும் உண்டு. சைக்கிள் பகுதியில் ஒட்டி மிதிக்க அனுமதி உள்ள போட்டிகளில், முதல் ஓட்டத்தில் பின்தங்கினால் நல்ல குழு கைநழுவிப் போகும் என்பதால் வேகமாக ஓடுவது பொருத்தமாக இருக்கலாம். முதல் முறை போட்டியிடும் சகோதரிக்கு அது பொருந்தாது.

வேளச்சேரி ஓட்டம்

நேற்று போட்டியை முடித்தேன். 1 மணி 40 நிமிடம் 5 விநாடி. இதை எழுதும்போதும் கை சற்று நடுங்குகிறது.

முதல் ஓட்டம் 31 நிமிடம் 50 விநாடி. முதல் கிலோமீட்டரில் என்னைக் கடந்து சென்றவர்களை எண்ணுவதை நிறுத்திவிட்டு, ஒவ்வொரு 200 மீட்டருக்கும் எனக்குள் நான்கு சொற்களைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே ஓடினேன். மாறுமிடத்தில் ஒரு நிமிடம் 50 விநாடிகள் ஆயின. ஹெல்மெட் வாரைப் பூட்டும்போது வியர்வையில் விரல்கள் வழுக்கின. வீட்டில் பத்து முறை பழகியும் அங்கே மூன்றாவது முயற்சியில்தான் பூட்ட முடிந்தது. அடுத்துப் போட்டியிடுபவர்களுக்குச் சொல்கிறேன், உலர்ந்த கையோடு பழகாதீர்கள். ஓடி வந்த கையோடு பழகுங்கள்.

சைக்கிள் 48 நிமிடம் 20 விநாடி. போகும்போது காற்று முதுகில் இருந்ததால் சில இடங்களில் 29 வரை தொட்டது. அது என் வேகமல்ல என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். திரும்பியதும் 22-க்கு இறங்கியது. வேகமானியின் மீது முன்னதாகவே ஒட்டியிருந்த காகிதத்தை எடுக்கவில்லை. கைக்கடிகாரத்தில் பிறகுதான் பார்த்தேன். எதிர்க்காற்றில் பதினொரு பேரைக் கடந்தேன். அவர்களில் சிலர் முதல் ஓட்டத்தில் என்னைக் கடந்து போனவர்கள்; உடையின் நிறத்தை வைத்து அடையாளம் தெரிந்தது. ஒருவரைக் கடந்தபோது அவர், "நல்லா போறீங்க, விடாதீங்க" என்று சொன்னார். அந்தக் குரலில் இருந்த களைப்பு எனக்கும் நேர்ந்திருக்க வேண்டியது.

இரண்டாம் மாறுமிடத்தில் ஒன்றரை நிமிடத்துக்கும் குறைவாகவே ஆனது. கடைசி ஓட்டம் 16 நிமிடம் 40 விநாடி, ஓரிடத்திலும் நடக்கவில்லை. முதல் 300 மீட்டர் கால்கள் கட்டையாகத்தான் இருந்தன. ஆனால் அது விலகும் என்று தெரிந்திருந்ததால் அஞ்சவில்லை. குறுகிய அடிகள் என்பதை மட்டும் பிடித்துக்கொண்டேன். முதல் ஓட்டத்தைவிடக் கிலோமீட்டருக்கு 18 விநாடிகள்தான் மெதுவாக ஓடியிருக்கிறேன்.

தவறியதையும் எழுத வேண்டும். திரவத்தைச் சைக்கிளின் இரண்டாம் பாதியில்தான் குடித்தேன். கடைசி ஓட்டம் முழுவதும் அது வயிற்றில் அலைந்தது. நவம்பரில் தொடர்மழையால் ஒன்பது நாட்கள் சாலைக்கே போக முடியவில்லை. அப்போது பதற்றத்தில் ஒரே வாரத்தில் மூன்று பிரிக் பயிற்சிகள் செய்து, கெண்டைக்காலை மீண்டும் இறுக்கிக்கொண்டு ஒரு வாரம் இழந்தேன். சேர்த்துச் செய்யாதீர்கள் என்று மேலே எழுதியிருந்ததை அப்போது கேட்கவில்லை.

ஈசிஆர் வாடைக்காற்று அண்ணாவுக்கு ஒரு கேள்வி. 10 கிலோமீட்டர் ஓட்டம், 40 கிலோமீட்டர் சைக்கிள், 5 கிலோமீட்டர் ஓட்டம் என்ற முழுத் தூரத்துக்கு எத்தனை மாதங்கள் வேண்டும்? சீட்டு இப்போது சரியான உயரத்தில் இருக்கிறது.

ஈசிஆர் வாடைக்காற்று

வாழ்த்துகள் சகோதரி. இரண்டு வாரம் இலகுவாக மட்டும் ஓடுங்கள். அதன் பிறகு ஆறு மாதங்கள் போதும். ஆனால் நடுவில் ஏப்ரல், மே வெயில் வருகிறது. அந்த இரண்டு மாதமும் காலை ஐந்து மணிக்கே சாலையில் இருந்தாக வேண்டும், ஞாயிற்றுப் பயணத்தை ஏழரைக்குள் முடித்தாக வேண்டும். அவ்வளவு இருட்டில் கிளம்புவதால் முன்னும் பின்னும் நல்ல விளக்குகளை இப்போதே வாங்கிவிடுங்கள். 10 கிலோமீட்டரை அடக்கி ஓடும் வேகத்தை நாம் பிப்ரவரி இறுதியில் புதிதாகக் கணக்கிடுவோம். இப்போதைய உங்கள் கால்களுக்குப் பழைய 63 நிமிடக் கணக்கு இனிப் பொருந்தாது.